கடிகாரத்தோடு போட்டி, பையில் பஞ்சர் சாமான்!

சைக்கிள் பந்தயம் என்றால், முப்பது நாற்பது பேர் ஒரே கூட்டமாகப் பாய்ந்து வந்து, கடைசி நூறு கெஜத்தில் ஒருவரையொருவர் முந்துவதுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த காட்சி. இன்னொரு வகைப் பந்தயமும் உண்டு. அதில் கூட்டம் கிடையாது. தோளோடு தோள் உரசும் வேலையும் கிடையாது. ஒருவர் புறப்பட்டு ஒரு நிமிடம் கழித்து அடுத்தவர் புறப்படுவார். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்கக் கூடாது. அவரவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, குறைந்த நேரத்தில் தூரத்தைக் கடந்தவருக்குப் பரிசு. இதற்கு 'டைம் டிரையல்' என்று பெயர். தமிழில் நேரப் பந்தயம் எனலாம்.

இதில் உண்மையான எதிராளி கடிகாரம்தான். அரை விநாடி மிச்சம் பிடிப்பதற்காக வீரர்கள் படாத பாடு படுகிறார்கள். உடம்போடு ஒட்டிய சட்டை, காற்றைக் கிழிக்கும் தலைக்கவசம், கம்பியே இல்லாத தட்டுச் சக்கரம் என்று செலவுக்கும் கணக்கில்லை. அப்படியிருக்க, பஞ்சர் ஒட்டும் சாமானையும் காற்றடிக்கும் பம்பையும் சுமந்துகொண்டு பந்தயத்துக்குப் போகலாமா?

பந்தயச் சைக்கிள்காரர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் வழக்கு இது. "சுமக்காதே" என்பது ஒரு கட்சி. "சாமான் இல்லாமல் படியிறங்காதே" என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. விசாரித்துப் பார்ப்போம்.

தொழிலாளிகளின் பந்தயம்

நேரப் பந்தயம் வேரூன்றிய நாடு இங்கிலாந்து. அந்நாட்டின் பொதுச் சாலைகளில் சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் பந்தயம் விடுவதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. போலீஸ் தொல்லை வேறு. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் பிட்லேக் என்ற சைக்கிள் பிரமுகர். வீரர்களை ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பிவிட்டால், பார்ப்பவர்களுக்குப் பந்தயம் நடப்பதே தெரியாதல்லவா? 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி, 50 மைல் தூரத்துக்கு இப்படி ஒரு பந்தயம் நடந்தது.

பிறகு பல ஆண்டுகள் இந்தப் பந்தயங்கள் பாதி ரகசியமாகவே நடந்தன. விடியற்காலையில் புறப்பாடு. கண்ணை உறுத்தாத கறுப்பு உடை. பாதையின் பெயரை வெளியில் சொல்லாமல், ஓர் எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு. அந்தக் குறியீட்டு வழக்கம் இன்றும் அங்கே மறையவில்லை.

வாரம் முழுவதும் ஆலையிலும் ஆபீசிலும் உழைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தாங்களே சைக்கிளை மிதித்துக்கொண்டு பந்தயத்துக்குப் போவார்கள். பந்தயம் முடிந்ததும் அதே சைக்கிளில் வீடு திரும்புவார்கள். பின்னால் கார் கிடையாது, உதவியாள் கிடையாது. வழியில் பஞ்சர் ஆனால் ஒட்டிக்கொள்ள வேண்டியவர்கள் அவர்களேதான். "சாமான் இல்லாமல் படியிறங்காதே" என்ற கட்சியின் பிறப்பிடம் இதுவே.

ஒரு பஞ்சரின் விலை

"சுமக்காதே" கட்சியின் வாதத்தை முதலில் கேட்போம். "நேரப் பந்தயத்தில் டயர் பஞ்சரானால் பந்தயம் போயிற்று. அதன்பின் ஒட்டினால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டு 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தின் கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் நேரப் பந்தயம். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் அன்று காலையில் 50 விநாடி பின்தங்கியிருந்தார். மாலையில் 8 விநாடி வித்தியாசத்தில் ஒட்டுமொத்தப் பந்தயத்தையும் வென்றார். மூன்று வாரம் மிதித்து, 3,200 கிலோமீட்டருக்கு மேல் கடந்த பிறகு, வெற்றிக்கும் தோல்விக்கும் இடையில் இருந்தது வெறும் 8 விநாடி! அன்று அவருக்கு ஒரு முள் குத்தியிருந்தால், உலகத்தில் எந்தப் பஞ்சர் சாமானும் அவரைக் காப்பாற்றியிருக்காது.

2012-ஆம் ஆண்டு அதே பந்தயத்தின் முதல் நாள், பெல்ஜியம் நாட்டின் லீஜ் நகரில் 6.4 கிலோமீட்டர் நேரப் பந்தயம் நடந்தது. ஜெர்மானியர் டோனி மார்ட்டின் அப்போது நேரப் பந்தய உலக சாம்பியன். நடுவழியில் அவருடைய சக்கரம் பஞ்சரானது. பின்னால் வந்த காரிலிருந்து உடனே மாற்றுச் சைக்கிள் கிடைத்தும் அவர் பின்தங்கிப்போனார். சில நாட்களில் நடந்த அடுத்த நேரப் பந்தயத்தில் மறுபடியும் பஞ்சர்! ஆனாலும் மனம் தளராமல், அதே ஆண்டு செப்டம்பரில் உலகப் பட்டத்தை மீண்டும் வென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

கூடவே கார் வரும் சாம்பியன் கதியே இது என்றால், சாலையோரம் உட்கார்ந்து தானே ட்யூப் மாற்றுகிறவருக்கு வெற்றி ஏது? பழகிய கைக்கும் நாலைந்து நிமிடம் ஆகும். ஒட்டுப் போட்டால் பத்து நிமிடத்துக்குக் குறையாது.

இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன், யார்க்ஷயரில் ஒரு தோட்டப் பண்ணையில் மண்ணோடு உழைத்த பெண்மணி. 1967-ஆம் ஆண்டு நடந்த 12 மணி நேரப் பந்தயத்தில் அவர் கடந்த தூரம் 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர். அதே நாளில் ஆண்களுக்கான புதிய சாதனையை ஏற்படுத்திய வீரர் கடந்தது 276.52 மைல். அவரை வழியில் முந்தும்போது, பர்ட்டன் கைநீட்டி ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனாராம்! பெண்களுக்கான அந்தச் சாதனை 2017-ஆம் ஆண்டு வரை, 50 ஆண்டுகள் நிலைத்தது.

இருவருக்கும் இடையிலான தூரம் முக்கால் மைலுக்கும் குறைவு. பர்ட்டனின் வேகத்தில் அதைக் கடக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அன்று ஒரே ஒரு பஞ்சர் ஏற்பட்டிருந்தால், ஒரு தொழிலாளிப் பெண் ஆண்களின் சாதனையையே தாண்டினார் என்ற வரலாறு இருந்திருக்காது.

ஆணி போட்ட கம்பெனி

பஞ்சர் ஒட்டும் கலையின் வரலாறே பந்தயத்தோடு பின்னிக் கிடக்கிறது. காற்றடைத்த டயரை 1888-ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தார். ஆரம்ப காலத்தில் அந்த டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். பஞ்சரானால் பிரித்து எடுத்துச் சரிசெய்ய மணிக்கணக்காகும். கோந்து காய ஓர் இரவு போய்விடும்.

பிரான்சில் ரப்பர் தொழிற்சாலை நடத்திவந்த மிச்செலின் சகோதரர்களிடம் அப்படி ஒரு டயர் பழுதுபார்க்க வந்தது. அந்தப் பாட்டைப் பார்த்த பிறகுதான், எளிதில் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்ய அவர்கள் முனைந்தார்கள். 1891-ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், அந்த டயரைப் பூட்டி ஓட்டிய ஷார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். பஞ்சர் அவரையும் விடவில்லை. ஆனால் சீக்கிரமாகச் சரிசெய்துகொண்டு புறப்பட முடிந்தது.

மறு ஆண்டு மிச்செலின் நிறுவனமே பாரிஸிலிருந்து தங்கள் ஊருக்கு ஒரு பந்தயம் நடத்தியது. வழியில் சாலையில் ஆணிகளைத் தூவி வைத்தார்கள்! தங்கள் டயரில் பஞ்சர் பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று ஊருக்குக் காட்ட இப்படி ஒரு தந்திரம்.

பெங்களூரு வாசகர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரலாம், அல்லது எரிச்சல் வரலாம். நம் வெளிவட்டச் சாலையிலும் ஆணிக்குப் பஞ்சமில்லை. ஆபீஸ் போகும் வழியில் ஒரு பொறியாளர் காந்தத்தைக் கொண்டு கிலோக்கணக்கில் ஆணி பொறுக்கிய செய்தி 2014-ஆம் ஆண்டு வாக்கில் பத்திரிகைகளில் வந்தது. பஞ்சர் வியாபாரத்துக்காக யாரோ போடுகிறார்கள் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. அன்று பிரான்சில் விளம்பரத்துக்கு; இன்று இங்கே வயிற்றுப்பாட்டுக்கு என்று வைத்துக்கொள்வோம். குத்துவதென்னவோ நம் சக்கரத்தில்தான்!

எடைக் கணக்கு

"சரி, சாமான் சுமந்தால் எவ்வளவு நஷ்டம்?" என்று எண் போட்டுப் பார்ப்போம்.

பந்தயச் சைக்கிளுக்கான மெல்லிய ட்யூப் ஒன்று சுமார் 100 கிராம். கையடக்கப் பம்பு 100 முதல் 150 கிராம். டயர் நெம்பும் இரண்டு பிளாஸ்டிக் லீவர், உப்புத்தாள், ஒட்டு, சொல்யூஷன், பை எல்லாம் சேர்ந்து இன்னொரு 100 கிராம் அல்லது கொஞ்சம் கூடுதல். தாராளமாகவே அரை கிலோ என்று வைப்போம்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், அரை கிலோ என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சமதளத்தில் வேகமாகப் போகிறவனின் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்பது காற்று. எடைக்குப் போவது சிறு பங்குதான். ஆகவே 40 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட்டுகிறவருக்கு, அந்த அரை கிலோவால் ஏற்படும் நஷ்டம் ஒன்றிரண்டு விநாடி. பையைக் காற்றில் ஆடும்படி தொங்கவிட்டால் அதைவிட அதிகம் போகும். சீட்டுக்குப் பின்னால், உடம்பின் மறைவில், இறுக்கிக் கட்டினால் நஷ்டம் மிகக் குறைவு.

மலையேற்றத்தில் கணக்கு மாறுகிறது. அங்கே ஒவ்வொரு கிராமையும் மேலே தூக்கியாக வேண்டும். நந்தி மலை போன்ற ஏற்றத்தில் அரை மணி நேரம் மிதிக்கிறவருக்கு, அதே அரை கிலோவால் சுமார் பத்து விநாடி போய்விடும். ஆனால் அங்கே பஞ்சரானாலும் அடிவாரம் சில கிலோமீட்டர்தான்; அதுவும் இறக்கம். ஆகவே மலையில் சாமானைக் கீழே வைத்துவிட்டுப் போவதில் குற்றமில்லை.

சமதளத்துக் கதை அப்படியல்ல. 40 கிலோமீட்டர் பந்தயத்தில் திரும்பும் முனை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே டயர் போனால், அடியில் கொக்கி வைத்த பந்தயக் காலணியோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். நாலு மணி நேரம்! ஒன்றிரண்டு விநாடியை ஒரு தட்டிலும், நாலு மணி நேர நடையை மறு தட்டிலும் வைத்துப் பாருங்கள். தராசு எந்தப் பக்கம் சாயும்?

யாருக்குப் பின்னால் யார் வருகிறார்கள்?

பெரிய வீரர்கள் ஏன் எதையும் சுமப்பதில்லை? அவர்கள் பின்னால் வரும் காரின் கூரையில் மாற்றுச் சைக்கிளே இருக்கிறது. சாமானைக் கார் சுமக்கிறது, வீரர் சுமக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்களும் ஒரு காலத்தில் சுமந்தவர்களே. டூர் டி பிரான்ஸின் தொடக்க ஆண்டுகளில், பழுதுபார்க்கப் பிறர் உதவி கூடாது என்பது கண்டிப்பான விதி. வீரர்கள் மாற்று டயர்களைப் பூணூல் போலத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு மிதிக்கும் பழைய புகைப்படங்களை இன்றும் காணலாம். 1913-ஆம் ஆண்டு மலை இறக்கத்தில் யூஜீன் கிறிஸ்டோஃப் என்பவரின் சைக்கிள் முன்கவை முறிந்தது. அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். ஒரு சிறுவன் துருத்தி ஊதி உதவினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள்!

இன்று அந்த விதி இல்லை. ஆனால் முதல்முறையாக நேரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் ஓர் எளிய வீட்டுப் பையனுக்கு நடைமுறையில் அந்த விதி இன்னும் இருக்கிறது. தகப்பனார் பீன்யாவில் ஷிப்டில் இருப்பார். மாமா லாரியில் போயிருப்பார். 'வந்து கூட்டிப்போ' என்று போன் செய்தால் ஒருவரின் அரை நாள் கூலி போய்விடும். டெம்போ பிடித்தால் அதற்கும் காசு. பணக்கார வீரரைப் பார்த்து, "அவர் பை கட்டவில்லை, நானும் கட்டமாட்டேன்" என்று சொல்வதற்கு முன், தன் பின்னால் யார் வருகிறார்கள் என்று அந்தப் பையன் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெடுந்தூரத்தில் வாதமே இல்லை

தூரம் கூடக்கூட, "சுமக்காதே" கட்சிக்கு ஆள் குறைந்துவிடும். 100 மைல், 12 மணி, 24 மணி என்று ஓட்டும்போது பஞ்சருக்காகப் போகும் ஐந்து நிமிடத்தை மீண்டும் சம்பாதிக்க நேரம் இருக்கிறது. ஒட்டத் தெரியாதவருக்கோ பந்தயமே அங்கு முடிந்துவிடும்.

நம் நாட்டில் பெங்களூரு, மும்பை, புனே, சென்னை முதலிய நகரங்களில் நடக்கும் 'பிரவே' எனப்படும் நெடுந்தூர ஓட்டங்கள் இதற்குச் சரியான உதாரணம். இவற்றில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவே. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. இடையில் உள்ள சோதனை நிலையங்களைத் தவிர வேறெங்கும் உதவி வண்டி கூடாது. நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கும்? அங்கே பையில் இருப்பதே கடை.

பையில் என்ன வேண்டும்?

அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் முறைகளைத் தொகுத்துச் சொல்கிறோம். இந்தப் பக்கம் பழகும் இளைஞர்களுக்கு உதவும்.

முதலாவது, மாற்று ட்யூப். சாலையில் ஒட்டிக்கொண்டிருக்காமல் ட்யூபையே மாற்றிவிட வேண்டும். ஒட்டு வேலையை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ட்யூப் வாங்கும்போது வால்வின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். பந்தயச் சக்கரங்களின் ரிம் ஆழமானது. குட்டை வால்வு வெளியே எட்டிப் பார்க்காது. பம்பைப் பொருத்தவே முடியாது.

இரண்டாவது, ஒட்டும் சொல்யூஷனும். இரண்டாம் முறை பஞ்சரானால் கைகொடுப்பது இதுதான். ஒருமுறை திறந்த சொல்யூஷன் நாளடைவில் உள்ளேயே காய்ந்துவிடும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பம்பு அல்லது வாயுக் குப்பி. 16 கிராம் கரியமில வாயு அடைத்த சிறு குப்பி கண்மூடித் திறப்பதற்குள் டயரை நிரப்பிவிடும். ஆனால் தவறினால் மறு வாய்ப்பு இல்லை. குப்பி பனிக்கட்டி போல் குளிர்ந்துவிடும் என்பதால் துணியால் பிடிக்க வேண்டும். இந்த வாயு ரப்பர் வழியே சீக்கிரம் கசிவதால், வீடு வந்ததும் சாதாரணக் காற்று அடித்துக்கொள்ள வேண்டும். பம்பு மெதுவானது; ஆனால் எத்தனை முறையும் கைவிடாது.

நான்காவது, ஒரு பித்தளைத் திருகு. பந்தயச் சைக்கிளின் வால்வு மெல்லியது. நம் ஊர்ப் பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. சில கிராம் எடையுள்ள இந்தத் திருகை வால்வின் மேல் மாட்டினால், எந்தக் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம்.

ஐந்தாவது, பொறுமை! பழைய ட்யூபைக் கழற்றியதும் அவசரமாகப் புதியதை மாட்டக்கூடாது. டயரின் உட்புறம் விரலால் தடவி, குத்திய முள்ளையோ ஆணியையோ எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அதே முள் புது ட்யூபையும் குத்திவிடும். ட்யூபில் பாம்பு கடித்தது போல் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்றுக் குறைவால் பள்ளத்தில் ரிம் இடித்து நசுங்கிய அடையாளம் அது. புது ட்யூபில் முதலில் கொஞ்சம் காற்று ஊதிக்கொண்டு உள்ளே வைத்தால் முறுக்கிக்கொள்ளாது.

இதையெல்லாம் வீட்டு வாசலில் ஐந்தாறு முறை செய்து பழகிவிட்டால், சாலையில் கை நடுங்காது. பையில் சாமான் இருந்தும் கையில் பழக்கம் இல்லாதவர், குடை வைத்துக்கொண்டு நனைகிறவருக்கு ஒப்பாவார்.

தீர்ப்பு

வழக்கின் முடிவுக்கு வருவோம். பத்து மைல் பந்தயத்தில், வழியில் கார் வைத்துக் காத்திருக்க ஆள் இருக்குமானால், சாமான் வேண்டாம். மலையேற்றத்திலும் வேண்டாம். மற்றபடி, பின்னால் யாரும் வராத எல்லா ஓட்டத்துக்கும் பை வேண்டும். அது பரிசு வாங்கித் தராது. வீடு கொண்டுவந்து சேர்க்கும். அடுத்த ஞாயிறு மறுபடி பந்தயத்தில் நிற்க வைக்கும்.

பந்தயத்துக்கே போகாத நம்மவர்களுக்கும் இதில் சேதி உண்டு. காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிற தொழிலாளி தினமும் ஒரு நேரப் பந்தயம்தான் ஓட்டுகிறார். ஆலை வாசலில் இருக்கும் கைரேகை இயந்திரம் எந்தச் சமாதானத்தையும் கேட்காது. பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகிற இடங்களும் உண்டு. சீட்டுக்கு அடியில் ஒரு சிறு பை, அதில் ஒரு ட்யூப், இரண்டு லீவர், ஒரு பம்பு. சுமை அரை கிலோ. காப்பாற்றுவது அரை நாள் கூலி.